அரிதட்டு உவமையும் ஆறு கரண்டிச் சீனியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் க.பொ.த. உயர்தர உயிரியல் மாணவர்களுக்கென அண்மையில் வெளிவந்த குறிப்பு, கலமென்சவ்வை மா அரிக்கும் அரிதட்டுக்கு ஒப்பிட்டிருந்தது. சிறிய துணிக்கை கீழே விழும், பெரியது மேலே தங்கும் என்பது அதன் சாரம். அதே வாரம் உடல்நலப் பகுதியில், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு வீட்டில் உப்பும் சீனியும் கலந்த கரைசல் தயாரிப்பதுபற்றி எழுதியவர், பிள்ளைக்குத் தெம்பு வரச் சீனியைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இரண்டு பக்கங்களில் வந்த இந்த இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். மென்சவ்வை வெறும் ஓட்டைத் துணியாக நினைப்பவருக்கு, கரைசலில் சீனி எதற்காக இருக்கிறது என்பது விளங்காது. விளங்காதபோது அளவும் தவறும். முதலாவது பிழையால் மாணவருக்குப் பரீட்சையில் சில புள்ளிகள் போகும். இரண்டாவது பிழை பச்சைக் குழந்தையின் உயிரோடு சம்பந்தப்பட்டது. திருகோணமலையில் உயிரியல் கற்பிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். சற்று நீளமாக இருந்தாலும் அளவுகளைக் குறைக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் அரிதட்டு. கலமென்சவ்வு ஏறத்தாழ 7 அல்லது 8 நனோமீற்றர் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம். இரண்டு அடுக்குப் பொசுபோலிப்பிட்டு மூலக்கூறுகள் வாலோடு வால் பொருந்தி நிற்க, அவற்றின் இடையிடையே புரதங்கள் புதைந்திருக்கின்றன. எண்ணெயில் கரையும் பொருள் எதுவோ அது அந்தப் படலத்தினூடே தானாகப் போய்விடும். ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் அப்படித்தான் போகின்றன. ஈஸ்திரசன் போன்ற ஓமோனும் அப்படியே போகும். சோடியம் அயன் அந்த ஓமோனைவிட எத்தனையோ மடங்கு சிறியது. ஆனாலும் ஏற்றம் கொண்டிருப்பதாலும், தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருப்பதாலும் அது எண்ணெய்ப் படலத்தைத் தாண்டாது. அரிதட்டில் இப்படி நடக்குமா?

இன்னும் தெளிவான சான்று பொற்றாசியம் கால்வாய்ப் புரதம். பொற்றாசியம் அயனின் ஆரை 0.138 நனோமீற்றர், சோடியம் அயனின் ஆரை 0.102 நனோமீற்றர். பெரியது பொற்றாசியம். அந்தக் கால்வாயோ பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது. ஒரு சோடியம் போவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொற்றாசியங்கள் போய்விடுகின்றன. கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் வரிசையாக நிற்கும் ஒட்சிசன் அணுக்கள், பொற்றாசியம் தன் நீர்ப்போர்வையைக் கழற்றிவிட்டு வந்தால் அந்த நீர் கொடுத்த பிடிப்பை அப்படியே கொடுக்கும் தூரத்தில் அமைந்திருக்கின்றன. சோடியம் அதைவிடச் சிறியதாகையால் அந்தப் பிடி அதற்கு எட்டுவதில்லை. நீரைக் கழற்ற ஆகும் செலவு அதற்குக் கட்டாது. இதன் அமைப்பை ரொட்றிக் மக்கினன் 1998இல் வெளியிட்டார். நீருக்கென்றே தனிக் கால்வாய் இருப்பதைப் பீற்றர் அக்ரி 1992இல் காட்டினார். 2003ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு இந்த இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நீர்க்கால்வாய் ஒன்றின் வழியே ஒரு செக்கனில் ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும். நீரைவிடச் சிறிய புரோத்தன் ஒன்றுகூட அதில் போகாது.

அரிதட்டு உவமை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. பிரசாரணத்தை, அதாவது மென்சவ்வைத் தாண்டி நீர் செல்வதை, வகுப்பில் காட்ட நாம் எடுப்பவை விஸ்கிங் குழாய், செலோபேன் தாள், விநாகிரியில் ஊறவைத்து ஓடு கரைத்த முட்டை. இவை மூன்றும் உயிரில்லாத அரிப்பான்கள்தாம். முட்டை ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தோல் புரத நார்களால் பின்னிய படலம், அது கலமென்சவ்வே அன்று. பரிசோதனை பிழையானதல்ல, பிரசாரணத்தை அது சரியாகவே காட்டுகிறது. ஆனால் அதைப் பார்த்த பிள்ளை கலமும் இப்படித்தான் என்று எழுதிக்கொள்கிறது. இந்த எண்ணத்தை முளையிலேயே மாற்ற, பக்கத்தில் ஒரு பீற்றூட் பரிசோதனை வைத்தால் போதும்.

பீற்றூட்டை ஒரு சென்ரிமீற்றர் கனத் துண்டுகளாக வெட்டி, ஓடும் நீரில் சாயம் வருவது நிற்கும்வரை கழுவவேண்டும். கழுவாமல் விட்டால் கத்தி பட்டு உடைந்த கலங்களின் சாயம் எல்லாக் குழாய்களையும் ஒரே சிவப்பாக்கிவிடும். பெரும்பாலும் பரிசோதனை கெடுவது இந்த இடத்தில்தான். பின்பு 30, 40, 50, 60, 70 பாகை செல்சியசு நீருள்ள குழாய்களில் ஒவ்வொரு துண்டாக ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, நீரின் நிறத்தை ஒப்பிடலாம். ஐம்பது பாகை வரை நீர் வெளிறிய இளஞ்சிவப்பாகவே இருக்கும். அறுபதைத் தாண்டியதும் கடுஞ்சிவப்பாகும். சாயம் கலத்தின் சாற்றுப் பையான புன்வெற்றிடத்தினுள் இருப்பது. அது வெளியே வர இரண்டு மென்சவ்வுகளைத் தாண்டவேண்டும். குளிர்நீரில் நாள் முழுக்கக் கிடந்தும் வராத சாயம், புரதங்கள் குலைந்து இலிப்பிட்டுப் படலம் இளகியதும் கொட்டுகிறது. இன்னொரு துண்டைச் சாதாரண வெப்பநிலையிலேயே மதுசாரத்தில் போட்டால் அங்கேயும் சாயம் இறங்கும், ஏனெனில் மதுசாரம் இலிப்பிட்டைக் கரைக்கிறது. துளையின் அளவு மட்டுமே காரணமென்றால் இந்த இரண்டையும் விளக்க முடியாது.

இனி இரண்டாவது பிழைக்கு வருகிறோம். இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான்.

நாம் குடிப்பதும் உடல் தானே சுரப்பதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லீற்றர் திரவம் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலீற்றர் வரைதான். மிச்சமெல்லாம் குடற்சுவர்க் கலங்களின் வழியே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. நீரை நேரடியாக இழுக்கும் பம்பி உடலில் எங்குமே இல்லை. கரைபொருள் எந்தப் பக்கம் போகிறதோ நீரும் அந்தப் பக்கம் போகும். ஆகவே குடலிலிருந்து நீரை உள்ளே எடுக்கவேண்டுமென்றால் முதலில் உப்பை உள்ளே எடுக்கவேண்டும்.

கொலரா நஞ்சு குடற்கலத்தின் குளோரைட்டுக் கால்வாயைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் பின்னால் ஓடுகின்றன. கடுமையான நோயில் வளர்ந்த ஒருவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் வரை இழப்பு ஏற்படலாம். அந்த நேரத்தில் வெறும் தண்ணீர் குடித்தால் தேறாது. உப்புத் தண்ணீரும் போதாது, ஏனெனில் சோடியம் குளோரைட்டைச் சோடியாக உள்ளெடுக்கும் வழக்கமான பாதையை நஞ்சு அடைத்திருக்கும். ஆனால் அதே கலத்தின் குடற்பக்க மென்சவ்வில், நஞ்சு தொடாத இன்னொரு காவிப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோசையும் சேர்த்துப் பிடித்தால்தான் திரும்பும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதை உள்ளே விடாது. வள்ளத்தில் இரண்டு பேரும் ஏறினால்தான் துடுப்புப் போடுவேன் என்று நிற்கும் ஓட்டியைப்போல. கரைசலில் சீனி இருப்பது இதற்காகத்தான், தெம்புக்காக அல்ல. சோடியத்தை உள்ளே அழைத்துப்போகும் துணை அது.

இந்த ஓட்டிக்கு உந்துசக்தி எங்கிருந்து வருகிறது? கலத்தின் மறுபக்கத்தில், இரத்தம் ஓடும் பக்கத்து மென்சவ்வில், சோடியம்–பொற்றாசியம் பம்பி ஓயாமல் வேலை செய்கிறது. கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். இதனால் கலத்தினுள் சோடியம் லீற்றருக்கு 12 முதல் 15 மில்லிமூல் (துணிக்கைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) அளவிலும், வெளியே 140 மில்லிமூலுக்கு மேலும் நிற்கிறது. அந்தச் சரிவில் சோடியம் உள்ளே உருண்டு வரும்போது குளுக்கோசையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஓய்வாகப் படுத்திருக்கும் உடலும் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு பம்பிக்கே கொடுக்கிறது. பம்பியை 1957இல் இனங்கண்ட டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூ, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே ஏறுகின்றன என்ற கருத்தை ரொபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரக் கருத்தரங்கில் முன்வைத்தார். பதினொரு ஆண்டுகளில் அது உயிர் காத்தது. 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்து பொங்காவ் முகாமில் கொலரா பரவி, ஊசி மூலம் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் அப்பச்சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதமளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

இப்போது அளவு. 2002ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பரிந்துரைக்கும் கரைசல் பொதியில் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், மூசோடியம் சித்திரேற்று 2.9 கிராம் இருக்கும். இதை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் லீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமூல், குளுக்கோசு 75 மில்லிமூல். எல்லாத் துணிக்கைகளையும் கூட்டினால் 245. இரத்தத்தில் அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 290. கரைசல் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்ததாக இருப்பதால், நீர் குடலிலிருந்து இரத்தப் பக்கமே சாயும். பழைய சூத்திரத்தில் குளுக்கோசு 111 ஆகவும் கூட்டுத்தொகை 311 ஆகவும் இருந்தன. அந்தச் சிறு மிகையே பிள்ளைகளின் மலத்தின் அளவைக் கூட்டுகிறது என்று கண்டுதான் குறைத்தார்கள்.

சீனியைத் தாராளமாகப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சோடா வகைகளில் பார்க்கலாம். இனிப்புச் சோடாக்கள் பலவற்றில் லீற்றருக்கு 100 கிராமளவு சீனி இருக்கிறது. சீனி என்பது சுக்குரோசு. குடலின் நொதியம் அதைக் குளுக்கோசு ஒன்றாகவும் பிரற்றோசு ஒன்றாகவும் பிளக்கும்போது துணிக்கைகள் இரட்டிக்கும். 100 கிராம் சுக்குரோசு 292 மில்லிமூல், பிளந்தால் 584. இரத்தத்தின் 290 எங்கே, இந்த 584 எங்கே? காவிப் புரதம் தன் வேகத்துக்கு மேல் ஏற்றாது. அதற்குத் தேவையான சோடியமும் சோடாவில் இல்லையென்றே சொல்லலாம். மிஞ்சிய சீனி குடலில் தங்கி, இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்கு இழுக்கிறது. வயிற்றோட்டத்தை நிறுத்தக் கொடுத்தது வயிற்றோட்டத்தைக் கூட்டுகிறது. பிள்ளை விருப்பமாகக் குடிக்கிறதே என்று தாய்மார் ஊற்றிக்கொடுப்பது மனம் நோகும் காட்சி, ஏனென்றால் அவர்கள் நல்லதென்று நினைத்தே செய்கிறார்கள்.

பொதி கிடைக்காத இடத்தில் வீட்டுக் கரைசலுக்கு உரிய அளவு: கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றர், சீனி தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு, உப்பு தலைதட்டிய தேக்கரண்டியால் அரை. கணக்குப் பார்த்தால் ஆறு கரண்டிச் சீனி ஏறத்தாழ 25 கிராம், அதாவது 73 மில்லிமூல். பிளந்ததும் அதிலிருந்து வரும் குளுக்கோசு பொதியில் உள்ள 75க்கு மிக அருகில் நிற்கிறது. உப்பு அரைக் கரண்டியில் ஏறத்தாழ 45 மில்லிமூல் சோடியம் கிடைக்கும், பொதியைவிடக் குறைவு. அதனால்தான் பொதி கிடைத்தால் பொதியே மேல் என்கிறோம். "தலைதட்டிய" என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கரண்டியில் அள்ளிக் கத்தியின் முதுகால் சீவிவிடவேண்டும். கும்பமாக அள்ளினால் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளைக் கலங்களிலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கி வலிப்பு வரலாம். நம் பகுதிச் சமையலறைகளில் கல்லுப்புப் பாவனை அதிகம். பரல் பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும் கல்லுப்பைத் தலைதட்டி அளக்க முடியாது. பொடித்த பின்பே அளக்கவேண்டும். கலந்ததும் ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். கண்ணீரின் உப்புக்கு மேல் கரித்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும், சீனி போட்டுச் சரிக்கட்டக்கூடாது.

பொதியிலும் பிழைகள் நடக்கின்றன. ஒரு லீற்றருக்கான ஜீவனி என்ற கரைசல் பொதியை ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் கரைக்கிறார்கள். சோடியம் 75இலிருந்து 50க்கு இறங்கிவிடும். சிலர் அரைப் பொதியை ஒரு கிளாஸ் நீரில் கரைக்கிறார்கள். அது மிகச் செறிவு, தவிரவும் பொதிக்குள் உப்பும் குளுக்கோசும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முழுப் பொதியையும் முழு லீற்றரில் ஒரே தடவையில் கரைக்கவேண்டும். கரைத்தபின் கொதிக்கவைக்கக்கூடாது. நீர் ஆவியாகச் செறிவு ஏறும். 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும், குளுக்கோசு நீரில் பற்றீரியா நன்றாகப் பெருகும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை தண்ணீராக மலம் போனபின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் நிறுத்தக்கூடாது. மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சோர்ந்து எழுப்ப முடியாத நிலை, குடிக்க மாட்டாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கரைசலைக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

செவ்விளநீர் பற்றியும் கேட்பார்கள். நல்ல பானம்தான், பொற்றாசியம் நிறைய உண்டு. ஆனால் சோடியம் மிகக் குறைவு. இலேசான வயிற்றோட்டத்தில் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், கடுமையான நீரிழப்பில் அதை மட்டும் நம்பக்கூடாது. நம் வீட்டு உப்புக் கஞ்சியைத்தான் நாங்கள் மனமுவந்து சொல்வோம். அரிசியின் மாப்பொருள் நீண்ட சங்கிலி. ஆயிரக்கணக்கான குளுக்கோசு ஒரே மூலக்கூறாகக் கோக்கப்பட்டிருப்பதால், பிரசாரணக் கணக்கில் அது ஒரே துணிக்கை. குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோசைக் கொடுக்கும். காவிப் புரதம் அவ்வப்போது எடுத்துக்கொள்வதால் குடலில் தேங்காது. கொலரா நோயாளர்களில் அரிசிமாக் கரைசல் மலத்தின் அளவைக் குறைத்தது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. சீனியின் துணிக்கைக் கணக்கையும் மாப்பொருளின் துணிக்கைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிடப் பிரசாரணத்தைக் கற்பிக்க நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

கடலுக்குப் போகிறவர்கள் தாகத்துக்குக் கடல்நீர் குடிக்கக்கூடாது என்பதற்கும் இதுவே கணக்கு. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அவ்வளவு செறிவில் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றச் சிறுநீரகத்தால் இயலாது, ஆகவே குடித்ததைவிடக் கூடுதலான நீரை உடல் செலவிடவேண்டி வரும்.

மாணவர் பக்கத்துக்கு மீண்டும் வருகிறோம். அந்தக் குறிப்பில் "நீர் செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு கூடிய இடத்துக்குச் செல்லும்" என்றும், இரண்டு பந்திகளின் பின் "செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்றும் இருந்தது. ஒன்றில் கரைபொருளின் செறிவையும் மற்றதில் நீரின் செறிவையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். எதன் செறிவு என்று சொல்லாமல் செறிவு என்ற சொல்லைப் பிரசாரணத்தில் பாவிக்கவே வேண்டாம். நீரழுத்தம் (நீர் ஓரிடத்தை விட்டு வெளியேறும் நாட்டம்) கூடிய இடத்திலிருந்து நீரழுத்தம் குறைந்த இடத்துக்கு என்று எழுதப் பழகினால் குழப்பமில்லை. தூய நீரின் நீரழுத்தம் பூச்சியம், கரைபொருள் சேரச் சேர அது மறைப் பெறுமானமாக இறங்கும். இன்னொன்று: 0.2 மூலர் சீனிக் கரைசலும் 0.2 மூலர் உப்புக் கரைசலும் சமம் என்று எழுதும் மாணவர் பலர். உப்பு இரண்டு அயன்களாகப் பிரிவதால் அதன் விளைவு ஏறத்தாழ இரட்டிப்பு.

இலைக் கலங்கள் எந்தச் செறிவுள்ள சீனிக் கரைசலில் நீரிழந்து சுருங்குகின்றன என்று பார்க்கும் ரியோ இலைப் பரிசோதனைக்கு அந்தக் குறிப்பு தந்த செய்முறையிலும் திருத்தம் தேவை. ஒரு மூலர் கரைசலுக்கு 342 கிராம் சுக்குரோசை ஒரு லீற்றர் நீரில் போடும்படி எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்தால் கனவளவு ஒரு லீற்றரைத் தாண்டிவிடும், செறிவு ஒரு மூலருக்குக் குறையும். 34.2 கிராமை முதலில் 60 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, பின்பு 100 மில்லிலீற்றர் கோடு வரை நீர் சேர்ப்பதே முறை. அதில் 10 மில்லிலீற்றருக்கு 90 நீர் சேர்த்தால் 0.1 மூலர், 20க்கு 80 சேர்த்தால் 0.2. எல்லை எங்கே என்று தெரிந்தபின் 0.02 இடைவெளியில் இன்னொரு தொடர் தயாரிக்கவேண்டும்.

இலையின் கீழ்ப்பக்க ஊதா மேற்றோலை உரிக்கும்போது ஒரு கலத்தடிப்புக்கு மேல் வந்தால் நுணுக்குக்காட்டியில் எண்ண முடியாது. உரித்த துண்டை மெழுகுப் பக்கம் மேலேயும் உட்பக்கம் கரைசலைத் தொடும்படியும் விடவேண்டும். தலைகீழாக விட்டால் கரைசல் உள்ளே போகப் பிந்தி, அரைமணித்தியாலம் கழிந்தும் மாற்றம் தெரியாது. அப்போது கரைசலின் செறிவு போதாது என்று மாணவர் பிழையாக முடிவெடுப்பார். நம் ஊரில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. வழுக்கியில் வைத்த துளி, மேலே கண்ணாடித் துண்டு மூடாவிட்டால் சில நிமிடங்களிலேயே காய்ந்து செறிவு ஏறிவிடும். 0.18 மூலரில் பாதிக் கலங்கள் சுருங்கியதாகப் பதிவது உண்மையில் அதைவிடச் செறிந்த கரைசலில் நடந்ததாக இருக்கலாம். முதலுரு (கலச்சுவருக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதி) கலச்சுவரின் ஒரு மூலையிலாவது விலகியிருந்தால் அதைச் சுருங்கிய கலமாகக் கொள்ளவேண்டும். சாயமே இல்லாத கலம் உரிக்கும்போது உடைந்தது, அது எண்ணிக்கையில் சேராது. மொத்தத்தில் 50 சதவீதம் சுருங்கிய செறிவை வரைபில் வாசித்து, அட்டவணையில் அதற்குரிய கரைய அழுத்தத்தை (கரைபொருளால் நீரழுத்தம் இறங்கும் அளவை) எடுக்கலாம். 0.20 மூலர் சுக்குரோசுக்கு அது 20 பாகையில் −540 கிலோபசுக்கால்.

கரைசலில் ஊறவைத்து நிறை மாற்றத்தைப் பார்க்கும் உருளைக்கிழங்குக் கீலங்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. நிறுக்கும் முன் ஒற்றித்தாளில் மெல்ல ஒற்றவேண்டும், அழுத்திப் பிழியக்கூடாது. மாற்றத்தைக் கிராமில் எழுதாமல் ஆரம்ப நிறையின் சதவீதமாக எழுதவேண்டும், இரண்டு கீலங்கள் ஒருபோதும் ஒரே நிறையில் அமையா.

பாகற்காயில் உப்புப் பிசறினால் நீர் விடுவதையும், கருவாட்டில் உப்பு ஏறுவதையும் அந்தக் குறிப்பு ஒரே வரியில் பிரசாரணம் என்று முடித்திருந்தது. பாகற்காய்க்கு அது பொருந்தும், அதன் கலங்கள் உயிரோடு இருக்கின்றன. மீன் இறந்தபின் அதன் கலங்களில் ஏ.ரி.பி. தீர்ந்து பம்பி நின்று மென்சவ்வு காவலை இழக்கிறது. அதனால்தான் உப்பு தசைக்குள்ளேயே பரவ முடிகிறது. அங்கே நடப்பது நீரின் வெளியேற்றமும் உப்பின் பரவலும் சேர்ந்தது. மூன்று அல்லது நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு என்ற விகிதம் குறைந்தால், நடுமுள்ளைச் சுற்றி உப்பு எட்டுமுன் பழுதாகிவிடும். போதிய உப்பிட்ட கருவாட்டிலும் சில வேளை படரும் இளஞ்சிவப்பு வழுவழுப்பு, உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுடையது. அவை வெளியே உள்ள உப்புக்கு ஈடாகத் தங்கள் கலத்தினுள் பொற்றாசியத்தைக் குவித்து வைத்துக்கொள்வதால் நீரை இழப்பதில்லை. உப்பைக் கூட்டி அவற்றை அடக்க முடியாது. குளிரிலும் உலர்வாகவும் வைத்தால்தான் அடங்கும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கங்களில் வெள்ளம் கிணறுகளில் கலக்கும் காலம் வயிற்றோட்டத்தின் காலமும்கூட. அதற்கு முன்பாகவே உடல்நலப் பகுதியில் திருத்தத்தைப் பிரசுரித்து உதவவேண்டும். பிரசுரிக்கும்போது ஒரு லீற்றர், தலைதட்டிய ஆறு, தலைதட்டிய அரை என்ற மூன்று அளவுகளையும் தடித்த எழுத்தில், ஒரே வரியில், வெட்டிச் சுவரில் ஒட்டக்கூடிய பெட்டியாகப் போடும்படி கேட்கிறோம். எண்களோடு எழுத்திலும் அளவைக் குறிப்பிடவேண்டும். அரை என்பதை ½ என்று மட்டும் அச்சிட்டால், மங்கிய அச்சில் அது 1 அல்லது 2 ஆக வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.